அரை இடம் தள்ளி வந்த பாட்டு

காலை ஐந்து ஐம்பது. புதுக் கம்ப்யூட்டரின் திரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அதற்குள் ஒரே வரி. போன வருடம் ஆவணி மாதம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடந்தது இது.

திறக்க மறுத்த கோப்பில் இருந்தது என் மனைவியின் அக்கா பாடிய பாட்டு. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தென்னூரில் இருக்கிறார், பாட்டு டீச்சர். அவருக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குரல் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் மாறவும் செய்யலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின வாரமே இந்த மாடி அறையில் உட்கார்ந்து, தங்கையின் அரங்கேற்றத்துக்கு வேண்டிய பாட்டுகளையெல்லாம் பாடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனைவிக்கு நாற்பத்தாறு வயது. வங்கியில் வேலை. பள்ளியில் படிக்கும்போது விட்டுப்போன பரதத்தை, பிள்ளைகள் காலேஜ் போன பிறகு மறுபடி பிடித்தாள். ஐப்பசியில் அரங்கேற்றம் என்று உறையூரில் மண்டபமும் பேசியாகிவிட்டது. அந்த மாதம் நல்ல வாத்தியக்காரர்கள் யாரும் கிடைக்கவில்லை. குரலைப் பதிவு செய்து, மிருதங்கத்தை மென்பொருளில் வாசித்துச் சேர்த்துவிடலாம் என்று நான் ஏற்றுக்கொண்டேன். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்த பழக்கம் எனக்கு உண்டு.

நடுவில் ஒரு நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. புதிதாக நான் வாங்கியது வேறு கம்பெனியின் லேப்டாப். அதன் அமைப்பே வேறு. இத்தனை காலம் நான் பயன்படுத்திய ரெக்கார்டிங் மென்பொருள் அதில் ஓடாது என்பது அந்தச் சாம்பல் பெட்டியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

டிஸ்க்கைத் துழாவியதில் அக்காவின் குரல் சின்னச் சின்ன ஆடியோ துண்டுகளாகத் தனியே இருந்தது. ஒன்றைப் போட்டேன். குரல் வந்தது, பின்னால் தெருவில் போன காய்கறி வண்டியின் சத்தத்தோடு. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் எந்தத் துண்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்ற விவரம் பழைய மென்பொருளோடு போய்விட்டிருந்தது.

அடுத்து புது மென்பொருள் தேட வேண்டும். கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஒன்றை முதலில் பார்த்தேன். பாட்டைக் கேட்டுத் தானாகவே டிரம்ஸ் வாசிக்கும் வசதி அதில் இருந்தது. அக்காவின் கீர்த்தனைக்குக் கீழே அதை ஓட விட்டேன். காபியோடு மேலே வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சாமி புறப்பாட்டுல பேண்டு செட்டு புகுந்த மாதிரி இருக்குங்க" என்றாள்.

இன்னொன்று மாதாமாதம் பணம் கேட்டது. மூன்றாவது, இரண்டு வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடக் கூடியது. இன்னொரு தடவை மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று அதையே எடுத்தேன். மிருதங்கத்துக்கு, தா, தீ, தொம் என்று ஒவ்வொரு சொல்லையும் ஒரு கலைஞரை வாசிக்க வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்திருந்த ஒரு மென்பொருள் கிடைத்தது. சாயங்காலங்களில் உட்கார்ந்து மிருதங்கத்தை அமைத்தேன். பிறகு குரல் துண்டுகளை இழுத்து வைத்தேன். தாளம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், காந்தம் இழுப்பதுபோல் துண்டு தானாகவே கோட்டில் ஒட்டிக்கொண்டது. பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது. இரண்டு பாட்டு சரியாகவே அமைந்தது. மூன்றாவது அந்தக் கீர்த்தனை.

அதற்கு ஆட ஆரம்பித்ததும் மனைவியின் கால் தடுமாறியது. ஒவ்வொரு தடவையும் அவள் அடவை முடிப்பதற்குள் பாட்டு வந்துவிடுகிறது. கால்தான் மெதுவாகப் போகிறது என்று நினைத்து, வங்கியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பயிற்சி செய்தாள். வேகத்தைக் கூட்டினால் கால் மிருதங்கத்தை விட்டு விலகியது. வாரக் கடைசியில் சலங்கையைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"எனக்கு வயசாயிடுச்சுங்க. ஊரைக் கூட்டி வெச்சு அசிங்கப்பட வேண்டாம். அக்காகிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடலாம்" என்றாள்.

பாட்டையாவது அக்கா கேட்கட்டும் என்று லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தென்னூர் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். கழுத்தில் பிளாஸ்திரி. பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. தங்கை விஷயத்தைச் சொல்லி முடித்ததும், பாட்டைப் போடு என்று எனக்குக் கையால் காட்டினார்.

போட்டேன். மிருதங்கம் தொடங்கியதும் அவருடைய வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. குரல் வந்த இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அப்புறம் தங்கையின் கையைப் பிடித்துத் தன் தொடைமேல் தட்ட வைத்தார். தட்டு விழுந்து, கொஞ்சம் இடம் விட்டு, இடது கை விரலை உயர்த்தினார். பாட்டு வர வேண்டியது அங்கே.

பல கீர்த்தனைகளுக்கு இது வழக்கம். தாளத்தின் முதல் தட்டு விழுந்து அரை எண்ணிக்கை போன பிறகுதான் பாட்டு தொடங்கும். அதைத்தான் அரை இடத்தில் எடுப்பு என்பார்கள். அக்கா பாடும்போது தன் கையால் தாளம் போட்டுப் பாடியதால் குரல் தானாகவே சரியான இடத்தில் விழுந்திருந்தது. நான் வாசித்துப் பழகிய பாட்டுகளில் பெரும்பாலும் முதல் தட்டும் பாட்டும் சேர்ந்தே வரும். கோட்டில் ஒட்டி நின்றதைப் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் அக்கா போனில் தட்டி எனக்கு நீட்டினார். "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க என்னை அரை இடம் முன்னாடியே பாட வெக்கிறீங்களே தம்பி."

காந்த வசதியை அணைத்துவிட்டு, குரலை அரை இடம் வலது பக்கம் நகர்த்தினேன். மனைவி சோபாவுக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் நடுவில் இருந்த இடத்தில் எழுந்து நின்றாள். சலங்கை இல்லை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடவு முடிந்து கால் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் அக்காவின் குரல் எடுத்தது.

மனைவி ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "அப்ப என் கால் சரியாத்தான் இருந்துருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா சத்தம் வராமல் சிரித்தார். கழுத்து வலித்ததோ என்னவோ, கையால் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் அரங்கேற்றம் நல்லபடியாக நடந்தது. திரையில் ஒழுங்காகத் தெரிகிற எதையும் ஒரு தடவை கையால் தாளம் போட்டுப் பார்க்காமல் இன்றுவரை நான் நம்புவதில்லை.

தை பிறந்த பிறகு அக்கா பாட ஆரம்பித்தார். முன்பு ஐந்து கட்டைச் சுருதியில் பாடுவார். இப்போது கொஞ்சம் இறக்கி, நாலரைக் கட்டையில் பாடுகிறார்.