எண்ணி முடிக்காத நத்தைகுத்திகள்

என் வாழ்க்கையின் முதல் நீலத் தாழைக்கோழியை நான் வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தபடிதான் பார்த்தேன். கிட்டங்கிப் பக்கமாக வயல்களுக்கு இறங்கும் கிரவல் வீதியில், பிரேக் எந்தக் கையில் என்பது மறந்துபோய், சைக்கிளோடு சரிந்து, ஆற்றுவாழைச் செடிகளுக்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டால், நாலு முழத் தூரத்தில் ஊதா உடம்பும் சிவந்த சொண்டுமாக ஒரு கோழி, வாலை வெட்டி வெட்டி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது! அந்த வயல்களை ஒட்டிய நீர்நிலைக்குக் கூப்பிடு தூரத்தில் நாற்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, இப்படியொரு நிறம் அங்கே நடமாடுவதே எனக்குத் தெரியாது. வீதியில் நின்ற கணக்கு டீச்சர் என்னைத் தூக்கிவிட வரவில்லை. கையை உயர்த்தி, அசைய வேண்டாம் என்று காட்டினார். "கதையாதங்க டீச்சர், குஞ்சும் நிக்குது" என்றார்.

நான் மனையியல் டீச்சர், அவர் கணக்கு டீச்சர். ஒரே பாடசாலை, ஏறக்குறைய ஒரே வயது. அவருக்குப் பாண்டிருப்பு, எனக்குச் சாய்ந்தமருது. பன்னிரண்டு வருஷம் ஓய்வறையில் எதிரெதிரே இருந்து பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறோம், அதற்குமேல் பழக்கமில்லை. எனக்குச் சீனி வருத்தம் பிடித்து, தினமும் நடக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிய வாரத்தில்தான் எல்லாம் ஆரம்பமானது. எங்கள் தெருவில் நடப்பதென்றால் ஒவ்வொரு படலையிலும் நின்று ஒரு கதை கதைக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ஏழு வீட்டைத் தாண்டினால் பெரிய காரியம். இதைச் சொல்லிச் சிரித்தபோது, "சனிக்கிழமை என்னோட வாங்க. சைக்கிள்ல போவம். அங்க படலையே இல்லை" என்றார். பாடசாலை மைதானத்தில், பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போனபிறகு, அவர்தான் என் சைக்கிளின் பின்சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். உம்மா இதைக் கேள்விப்பட்டு, "நாப்பது வயசுக்குமேல இவளுக்குச் சைக்கிள் கேக்குதாம், அல்லாஹ்வே!" என்று தலையில் கை வைத்தா. வைத்த கையை எடுக்க இரண்டு மாதம் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் உடம்பு ஒரு தரம் துள்ளும். சுபஹ் தொழுதுவிட்டு, அபாயாவின் கீழ் விளிம்பை இரண்டு உடுப்புக் கிளிப்பால் மடித்துக் குத்திக்கொண்டு புறப்படுவேன். கல்முனைச் சந்தையில் மீன் லொறிகள் இறக்கத் தொடங்கியிருக்கும். நகரத்தைத் தாண்டி மேற்கே திரும்பியதும் காற்றே மாறிவிடும். இரண்டு பக்கமும் வயல், அதற்கப்பால் சம்புப் புல்லும் தண்ணீரும் தாமரை இலையுமாக விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. மாரி தொடங்கினால் எங்கெங்கோ இருந்து வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கும். கூழைக்கடாக்கள் வள்ளம்போல வரிசையாக மிதந்து வந்து, ஒரே நேரத்தில் தலையை முக்கும். தாமரை இலையில் இலைக்கோழி கால் நனையாமல் நடக்கும். ஒரு தரம் வாய்க்கால் கரையில் வெயில் காய்ந்த முதலையை விறகுக் கட்டை என்று நினைத்து, அதன்மேல் தண்ணீர்ப் போத்தலை வைக்கப் போனேன்! அன்று நான் சைக்கிளை மிதித்த வேகத்தைக் கணக்கு டீச்சர் பிறகு வகுப்பில் உதாரணக் கணக்காகவே போட்டதாகக் கேள்வி.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் எண்ணுவது, பிறகுதான் கதைப்பது. பறவையைக் கண்டதும் வலது கை உயரும். அந்தக் கை இறங்கும்வரை நான் வாய் திறக்கக்கூடாது. இடது கையில் பத்துக்கு ஒரு விரலாக மடித்துக்கொண்டு போவார். எனக்கோ ஒன்றைக் கண்டால் உடனே யாருக்காவது சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். "அந்தா, அந்தா!" என்று நான் கத்தி எண்ணிக்கை குழம்பி, அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிய நாட்கள் உண்டு. கோபிக்கமாட்டார். ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு முன்னால் பத்து முழம் தள்ளியே சைக்கிள் ஓடுவார்.

அவருக்கு அங்கே ஒரு வயலும் இருந்தது. தாயிடமிருந்து சீதனமாக வந்த ஒன்றரை ஏக்கர், நீர்ப்பரப்பின் விளிம்பில், ஒரு பெரிய வரம்புக்கு இப்பால். முந்தைய இரண்டு மாரியும் வெள்ளம் ஏறிப் பயிரைத் தின்றுவிட்டது. பக்கத்து வயல்கள் சிலவற்றில் டிப்பரால் மண் கொட்டி நிரப்பி, மதில் கட்டி, வீட்டு வளவு ஆக்கத் தொடங்கியிருந்தார்கள். இந்த முறையும் நெல் வராவிட்டால் நாமும் மண் போடுவோம் என்று அவருடைய கணவர் சொல்லிவிட்டார். மனிதரைக் குறை சொல்லவும் முடியாது, மூன்றாம் முறையும் விதைத்துவிட்டு யார்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது? "மண் போட்டா வயலும் போகும், வாற குருவியும் போகும்" என்று டீச்சர் என்னிடம் ஒரே ஒருநாள்தான் சொன்னார். சொல்லும்போது முகத்தைத் திருத்திக்கொண்டிருந்த தாளுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த மார்கழியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் சனிக்கிழமை, மழை விட்டிருந்தது. பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது, நீங்கள் போங்கள் வருகிறேன் என்று டீச்சர் தொலைபேசியில் சொன்னதால் நான் தனியாகவே போனேன். வழக்கமாக நிற்கும் இடத்தில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடியது. அதனால் மறுபக்கத்துக் கிரவல் மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். சுப்ஹானல்லாஹ்! சம்புப் பற்றைக்குப் பின்னால் ஒரு மூலையில் நத்தைகுத்தி நாரைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் வெள்ளைக் கொக்குகள், ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு கூழைக்கடா. அவற்றின் காலடியில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓட, மீன்கள் துள்ளத் துள்ள, அள்ளி அள்ளி விழுங்குகின்றன. அப்படியொரு காட்சியை நான் கண்டதேயில்லை. கலைந்துவிடக்கூடாது என்று ஈரப் புல்லில் குந்திக்கொண்டு, வாயை மூடி, விரலை மடித்து எண்ணத் தொடங்கினேன். நானும் ஒருநாள் ஒழுங்காக எண்ணி அவரிடம் சொல்லவேண்டும் என்ற ஆசை. நெல்லுக்கு மருந்தடிக்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, குருவி கலையும் என்று கையைக் காட்டித் திருப்பி அனுப்பியதும் நான்தான். இப்படியே ஒரு மணித்தியாலம் போனது.

டீச்சர் வந்து சேர்ந்ததும் அவர் கண் விரிந்தது, வலது கை உயர்ந்தது. உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திடீரென்று அவருடைய கை, மடித்த விரல்களோடு, அப்படியே கீழே இறங்கியது.

"டீச்சர், நத்தைகுத்தி இப்படிச் சும்மா குவியாது. தண்ணி உடைச்சி ஓடுற வாயிலதான் குவியும்" என்றார். பிறகு, "அது என்ட வயல்" என்றார்.

அவருடைய வயலுக்கு நான் எப்போதும் வேறொரு வீதியால்தான் போயிருக்கிறேன். இந்த மேட்டிலிருந்து பார்த்தால் எல்லா வயலும் ஒன்றுதான். பெரிய வரம்பு உடைந்து, மழைத் தண்ணீரும் மீனுமாக அந்த வாயால் இருபது நாள் பயிருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பறவைகள் அதற்குத்தான் பந்தி வைத்திருந்தன. டீச்சர் கணவருக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து வயலுக்குள் பாய்ந்தார். அத்தனை நாரையும் ஒரே தரத்தில் எழும்பின. வானமே செட்டை அடித்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் நான் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. உடைப்பு ஆள் அகலத்துக்கு இருந்தது. சம்பைப் பிடுங்கிப் போட்டால் போட்டதெல்லாம் தண்ணீரோடு போனது. "எதையாவது குறுக்கால போடுங்க!" என்று அவர் கத்தினார். என் கையில் இருந்தது சைக்கிள்தான். அதை உடைப்புக்குள் தள்ளி, நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் கம்பிகளுக்குள் சம்பையும் சேற்றையும் திணித்தார். அவருடைய கணவரும் இன்னும் நாலு பேரும் உரப்பைகளில் மண்ணோடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் நெஞ்சளவு சேற்றில் அப்படியே கிடந்தோம். எனக்குப் பயமாகவும் இருந்தது, சொல்ல வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது.

பயிரில் மூன்றில் ஒரு பங்கு அழுகிப் போனது. மிச்சம் நின்றது, விளைந்தது, மாசியில் வெட்டினார்கள். கணவர் மண் கதையை விட்டுவிட்டார். இன்று அந்த வீதியால் போனால் இரண்டு பக்கமும் மதில்கள் எழும்பிவிட்டன, நடுவில் அந்த ஒன்றரை ஏக்கர் மட்டும் பச்சையாகத் தெரியும். டீச்சர் இடமாற்றம் பெற்றுத் திருக்கோவில் பக்கம் போய்விட்டார். நான் புதுச் சைக்கிளில் சனிக்கிழமைகளில் தனியாகவே போகிறேன், சத்தமாகக் கதைத்துக்கொண்டு.

ஆனால் அந்த மாரியில், அறுவடை முடியும்வரை எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள், சைக்கிளைக் கொடுத்து வயலைக் காப்பாற்றிய டீச்சர் என்று. அந்த ஒரு மணித்தியாலத்தை யாரும் அறியவில்லை. கண்டவுடன் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மருந்தடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால், அந்த மூன்றில் ஒரு பங்கும் நின்றிருக்கும். புது அரிசியில் பொங்கி ஓய்வறைக்குக் கொண்டுவந்து என் தட்டில் டீச்சர் வைத்தபோது, என்னால் கை வைக்க முடியவில்லை. மற்றவர்கள் வகுப்புக்குப் போகும்வரை இருந்தேன்.

"டீச்சர், நீங்க வாறத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கே நான் கண்டுட்டன். அழகா இரிக்கு எண்டு பாத்துக்கொண்டு இருந்துட்டன். மாப் பண்ணுங்க" என்றேன். அழுதும்விட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த முகத்தில் கோபம் வந்ததை நான் கண்டேன், இல்லை என்று சொல்லமாட்டேன். வந்து, நின்று, மெல்ல மெல்ல வேறு ஏதோவாக மாறியது. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மணித்தியாலமா? அப்ப முழுக்க எண்ணியிருப்பீங்களே!"

"ஓம்."

"நத்தைகுத்தி மட்டும்?"

"நானூத்தி முப்பத்தேழு. ரெண்டு தரம் எண்ணினன்."

"அட கடவுளே, நான் இருநூத்திப் பன்னிரண்டோட விட்டுட்டன்!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். "மொத்தம் எத்தனையோ எண்டு மூணு மாசமா நித்திரை இல்லை டீச்சர். இதை முன்னுக்கே சொல்றத்துக்கு என்ன?"