ஆமைத் தண்ணீர்

மரக்காணம் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்தபோது மாட்டுக்கு ஊசி போடுவதும் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும்தான் என் வேலை. ஆமையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

2005 கோடை. உப்பளத் தொழிலாளி ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். மழைக்காலத்தில் உப்பளம் ஓடாததால் இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் தோட்ட வேலை பார்த்திருக்கிறான். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது தாங்கள் வளர்த்த ஆமையை இவனுடைய நாலு வயது மகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கை அளவு, காதோரம் சிவப்புக் கோடு, வெளிநாட்டு ரகம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று தெருவே அவனைப் பிடுங்கி எடுத்ததாம். வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தை வேறு. வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

மூடநம்பிக்கை என்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அதெல்லாம் சும்மா பேச்சுப்பா. ரெண்டு நாளைக்கு ஒரு தபா தண்ணிய மாத்து, போதும்" என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, கைக்குழந்தைக்குக் காய்ச்சல், ரத்தபேதி, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பஸ் பிடித்து ஓடினேன். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஏழுமலையின் மனைவி அஞ்சலை சுவரோரம் நின்றாள். பிள்ளையைச் சுத்தமாக வளர்க்கத் தெரியாதவள் என்று புருஷன் வீட்டார் அவளைத் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். ஆமை என்றதும் நிமிர்ந்தார். ஆமையோ வெளிநாட்டுப் பல்லியோ, பார்க்க நன்றாக இருந்தாலும் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது என்றார். குழந்தை அதைத் தொட்டதே இல்லை, டப்பா பரண்மேல்தான் இருந்தது என்றாள் அஞ்சலை.

"மாத்துன தண்ணிய எங்கம்மா ஊத்துன?" என்றேன்.

"லாரித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தபாதான் சார் வருது. கீழ ஊத்த மனசு வரல. அதுல பாத்திரம் கழுவிட்டு, நல்ல தண்ணில ஒரு முக்கு முக்கி எடுப்பேன். பாப்பாவோட பால் டம்ளரையும் அப்பிடித்தான்."

அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அரிசி களைந்த தண்ணீர்கூட இன்னொரு வேலைக்குப் போகும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தண்ணீரை மாற்று என்று சொன்னவன், அதைக் கொட்டிவிடு என்று சொல்லவில்லை.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தேன். தினமும் போனேன், தினமும் நடந்தேன், திரும்பி வந்தேன்.

ஆறாம் நாள் குழந்தை பிழைத்து வீடு திரும்பியது. அன்று அவர்கள் வீட்டுக்குப் போய், எல்லோரும் இருக்கும்போது, தப்பு என்னுடையது, இந்தப் பெண்ணுடையது அல்ல என்று சொன்னேன். ஆமையை நானே எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலை கோபப்படவில்லை.

"இத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். "எம்புள்ளைய நானே கொல்லப் பாத்தேன்னு ஆறு நாளா நெனச்சிக்கினு கெடந்தேன்."

கால்நடைத் துறை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, தவறான யோசனை யாரும் சொல்லிவிடக்கூடும். ஆனால் அதற்கான பழியை இன்னொருத்தர் சுமக்கிறார் என்று தெரிந்த பிறகு, ஒரு நாள்கூட வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.