சத்தமே வராது என்று சொன்ன ஃபேன்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா என்பது எனக்கு வேண்டாம். கம்ப்யூட்டர் சாமான்களைப் பிரித்துக் காட்டி வீடியோ போடுகிற நீங்கள், அந்த ஃபேன்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "மாட்டிட்டு மறந்துடுங்க, இருக்கறதே தெரியாது" என்றீர்கள். நான் மாட்டினேன். மறக்க முடியவில்லை. அதனால் என் வீட்டுக்காரரின் வேலை போகப் பார்த்தது.

நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் இருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தனுப்புவார்கள். தாலி கட்டுவதும், பந்தியில் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடுவதும் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் ஒழுங்காகும். வெட்டி ஒட்டி முடித்ததும் என் கம்ப்யூட்டர் மிஷின் அதை ஒரே படமாகச் சமைக்க வேண்டும், ரெண்டர் என்பார்கள். அந்த வேலைக்கு மணிக்கணக்காகும். அப்போதுதான் அது கொதிக்கும். ரொம்பக் கொதித்தால் தானாக அணைந்துவிடும். அதுவரை சமைத்ததெல்லாம் வீண்.

என் வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் உலை வேலை பார்க்கிறார். எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். விடிந்து வருவார், குளிப்பார், தின்பார், படுப்பார். எங்கள் வீட்டில் இரண்டே அறை. முன்னறைக்குத் தகரக் கூரை. அங்கே பகலில் மிஷின் வைத்தால் அது செத்துவிடும், மனிதன் படுத்தாலும் அப்படித்தான். உள்ளறைக்கு மட்டும் கான்கிரீட். அதனால் இரண்டும் அங்கேதான். கட்டிலின் கால்மாட்டில் என் மேசை.

ராத்திரி ஓட்டிக்கொள்வதுதானே என்று கேட்பீர்கள். கேட்டவர்கள் பலர். எங்கள் பக்கம் ராத்திரியில் கரண்டு வரும், வோல்டேஜ் வராது. ட்யூப் லைட்டே கண் சிமிட்டும். மேலும் நானும் மனுஷிதான், நானும் தூங்க வேண்டும்.

பழைய மிஷினில் இருந்த ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். அவர் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தூங்குவார். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து சொன்னார்:

"நா ராத்திரி பூராவும் ஒல பக்கத்துல நிக்கறேன் அம்மிணி. பகல்ல நீயொரு ஒலைய ஊட்டுக்குள்ள வெச்சு ஊதிட்டிருக்கற. நா எங்க போறது?"

"கோயில் மண்டபத்துல போயிப் படுங்க."

"அங்க ஏற்கெனவே உங்கப்பன் படுத்திருக்கறாரே."

சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் வீடியோவைப் பார்த்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஃபேன், மேலே ஒன்று, முதுகில் ஒன்று. சூடு ஏறினால் தானாக வேகம் கூடும், குறைந்தால் தானாகக் குறையும், அதுதான் இதன் புத்தி என்று நீங்கள் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அதே பெட்டியை வாங்கப் போனபோது பாலக்காட்டுக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "சேச்சி, இது ஹஸ்பெண்டுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். "அப்போ கலர் லைட் வச்சது எடுத்தோளூ, காணான் நல்ல பங்கியாணு" என்றார். பார்க்க அழகாக இருக்குமாம். லைட் இல்லாதது இல்லையா என்று கேட்டேன். இல்லை. நீங்கள் காட்டியதுதான் எல்லாக் கடையிலும் இருக்கிறது, மற்றதை யாரும் வாங்கி வைப்பதில்லை.

வீட்டில் மாட்டி ஆன் செய்ததும் அறை முழுக்கப் பச்சை, நீலம், சிவப்பு. இவர் கட்டிலில் படுத்தபடி பார்த்தார்.

"தூங்கற எடத்துல எதுக்கு அம்மிணி சீரியல் லைட்டு? சாமி எப்பப் பொறப்படுது?"

லைட்டின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். ஆனால் சத்தம் உண்மையிலேயே இல்லை. ஐப்பசி மழை விட்டிருந்தது, அறை குளிர்ந்து கிடந்தது. இவர் நன்றாகத் தூங்கினார். உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு கமெண்ட் கூடப் போட்டேன். அது இன்னும் அங்கே இருக்கிறது. அதை மட்டும் நீங்கள் அழிக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் காற்று வந்தது. கிழக்கே வாளையார்ப் பக்கமிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று. தெரியாதவர்களுக்கு அது தென்றல் மாதிரித் தோன்றும். அது தென்றல் இல்லை. காய்கிற வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகும், தென்னை மட்டையை முறித்துப் போடும். எங்கள் ஊரில் சூடான சாமான் எதுவானாலும் கிழக்கு ஜன்னலோரம்தான் வைப்போம். காற்று வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை. அடுப்பும் அங்கே, இஸ்திரிப் பெட்டியும் அங்கே. நானும் மிஷினின் முதுகை ஜன்னலைப் பார்த்து வைத்திருந்தேன். முதுகு வழியாகச் சூடு வெளியே போகும் அல்லவா. வேறு யாராக இருந்தாலும் இந்த ஊரில் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

காற்று வீசும்போது ஜன்னல் வழியாக உள்ளே தள்ளும். முதுகு ஃபேன் வெளியே ஊதும், காற்று அதன் மூஞ்சியில் திருப்பி ஊதும். வெளியேறப் பார்த்த சூடு பெட்டிக்குள்ளேயே தங்கும். முன்னால் கண்ணாடி, ஓரத்தில் ஒரு விரல் சந்து. உள்ளே வருகிற காற்றுக்கும் வழி இல்லை. சூடு ஏறும், ஐந்து ஃபேனும் ஒன்றாக உயர்ந்து கத்தும். காற்று ஓய்ந்தால் சூடு இறங்கும், எல்லாம் முனகி அடங்கும். மறுபடி ஒரு வீச்சு, மறுபடி கத்தல். பகல் முழுக்க இதே கதை. இப்போது இதைத் தெளிவாக எழுதுகிறேன். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபேன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பழைய மிக்ஸிச் சத்தத்தில் தலையணையை அழுத்திக்கொண்டாவது தூங்கிய மனிதர், இந்தச் சின்னச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தார். கண் திறக்கும் முன்னே காலைத் தரையில் வைத்துவிடுவார். கால் செருப்பைத் தேடும். பிறகுதான் இது வீடு என்று தெரிந்து மறுபடி சாய்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே. "கெனாக் கண்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். தூக்கமில்லாத மனிதன் வீட்டில் இருந்தால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். எனக்கும் எரிச்சல். அவர் எழுந்த ஒவ்வொரு தடவையும் என் மேல் குற்றம் சொல்வது போலவே இருந்தது.

தை மாதம் ஒரு காலையில் வந்தவர் குளிக்கப் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"ஒல பக்கத்துல நின்னுட்டே தூங்கிப்போட்டேன்."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

"சூப்பர்வைசர் தோளத் தொட்டு எழுப்புனான். இன்னொருக்கா இப்படிக் கண்டா உள்ள விடமாட்டேன்னு சொல்லிப்போட்டான். அவன் சொன்னது நாயந்தான். உருகுன இரும்பு அது, நா உளுந்தா எடுக்கறதுக்கு எலும்பு கூட இருக்காது."

அன்று அவர் தூங்கும்போது மிஷினை நான் ஆன் செய்யவே இல்லை. ஒரு கல்யாணப் படம் தாமதமானது. ஸ்டுடியோக்காரர் ஃபோனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எத்தனை நாளைக்கு இப்படி ஆஃப் செய்து வைக்க முடியும்? அவர் வேலை போனால் என் வேலைதான் சோறு. என் வேலை போனால் அவர் வேலைதான் சோறு. இரண்டும் ஒரே அறையில் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

அப்போதுதான் அந்த வீடியோவுக்குக் கீழே உங்களிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். ஏசி இல்லாத அறையில், காற்று அடிக்கிற ஊரில், இந்த ஃபேன் இப்படிக் கத்துகிறதே, என்ன செய்வது என்று. நீங்கள் பதில் போட்டீர்கள்: "சிஸ்டர், முதல்ல ரூம வென்டிலேட் பண்ணுங்க. ஃபேன்ல பிரச்சன இல்ல." அதற்குக் கீழே வேறு நாலு பேர் சிரித்தார்கள். நான் திருப்பிக் கேட்டேன், நீங்கள் எத்தனை டிகிரியில் வைத்துச் சோதித்தீர்கள் என்று. மறுநாள் பார்த்தால் என் கேள்வியும் இல்லை, உங்கள் பதிலும் இல்லை.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். ஃபேன்களை மெதுவாக ஓடும்படி வைத்தேன். சத்தம் அடங்கியது, ஆனால் ஒரு வரவேற்புப் படம் பாதி வெந்த நிலையில் மிஷின் அணைந்தது. மேல் ஃபேனைக் கழற்றினேன். ஒன்றும் மாறவில்லை. இவருக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தேன். வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டார்.

"பஞ்சு வெச்சா இன்னும் மோசம். காது தேடுது."

"என்னத்தத் தேடுது?"

"பம்ப."

"எந்தப் பம்பு?"

அப்போதுதான் சொன்னார். உலையைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தள்ளுகிற பம்பு ராத்திரி முழுக்க ஒரே மாதிரி உறுமும். அந்த உறுமல் இறங்கினாலோ ஏறினாலோ தண்ணீர் அடைபடுகிறது என்று அர்த்தம், உடனே ஓடி உலையை அணைக்க வேண்டும். மீட்டரைப் பார்ப்பதற்கு முன் காது சொல்லிவிடும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

"சத்தம் இருந்துட்டுப் போகுதுங்கறேன். எத்தன பெருசா இருந்தாலும் தூங்கிக்குவேன். அது ஏறி எறங்குது பாரு, அப்ப ஒடம்பு தானா எந்திரிக்குது. நா என்ன பண்றது?"

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

"எனக்கே இப்பத்தான் தெரியுது. நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அமைதி என்றால் சத்தமின்மை என்று நீங்கள் சொன்னதை நம்பி, அதையே துரத்திக்கொண்டிருந்தேன். தானாகக் கூடிக் குறைகிற புத்தி என்று நீங்கள் மெச்சிய சங்கதிதான் அவரை எழுப்பிக்கொண்டிருந்தது.

அன்றே முன் கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். அங்கே கொசுவலைத் துணியை இழுத்து ஒட்டினேன். மேசையைத் திருப்பி, மிஷினின் முதுகைச் சுவர்ப் பக்கம் கொண்டுவந்தேன், நடுவில் நல்ல இடைவெளி விட்டு. காற்று இனி அதன் மூஞ்சியில் அடிக்காது. கலர் ஃபேன்களைக் கழற்றிவிட்டு, பெரிய ஃபேன் வாங்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று மாட்டினேன். பெரியது மெதுவாகச் சுற்றினாலும் நிறையக் காற்றைத் தள்ளும், அதன் சத்தமும் கனமாக, கீழே இருக்கும். பிறகு செட்டிங்கில் போய், சூட்டுக்குத் தக்கபடி மாறுவதை நிறுத்தி, எந்நேரமும் ஒரே வேகம் என்று வைத்தேன். தேவைக்குக் கொஞ்சம் அதிக வேகம்தான். சத்தம் நன்றாகக் கேட்கும். உங்கள் வீடியோவில் வந்தால் இதைக் குப்பை என்பீர்கள்.

இவர் தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கினார். நான் கல்யாணத்தை வெட்டிக்கொண்டே அவ்வப்போது திரும்பிப் பார்த்தேன். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்ததும் மிஷினை ஆஃப் செய்தேன். துள்ளி எழுந்து செருப்பைத் தேடினார்.

"ஏன் நிறுத்துன?"

"வேல முடிஞ்சுதுங்க."

"முடிஞ்சா என்ன, அது பாட்டுக்கு ஓடட்டும்."

அதனால் இப்போது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் எழுகிறவரை அது ஓடுகிறது. கரண்டு போனால் இரண்டு பேரும் விழித்து உட்கார்ந்திருக்கிறோம்.

இது முடிந்த கதை இல்லை. மாசி போகிறது. காற்று நின்றுவிட்டது. பங்குனி சித்திரையில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேரளம் முழுக்கத் தெரியும். நான் வைத்திருக்கிற வேகம் அந்த வெயிலைத் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்காவிட்டால் கூட்ட வேண்டும். கூட்டினால் அந்தப் புதுச் சத்தத்துக்கு அவர் காது பழகும்வரை தூக்கம் போகும். அந்த நாட்களில் அவர் உலை பக்கத்தில்தான் நிற்பார். எந்த வேகம் போதும் என்று ஒரே தடவையில் சரியாக வைக்க வேண்டும், தொட்டுப் பார்த்துத் திருத்துவதற்கு எங்களுக்கு இடம் இல்லை.

அளக்கிற கருவி உங்களிடம் இருக்கிறது. ஐந்தாறு பெட்டிகள் உங்கள் பின்னால் அடுக்கி இருக்கின்றன. உங்கள் அறையின் ஏசியை அணையுங்கள். சித்திரை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு அதே ஃபேன்களையும், நான் போட்டிருக்கிற மாதிரிப் பெரிய ஃபேன்களையும் நாள் முழுக்க ஓட்டுங்கள். எத்தனை வேகத்தில் மிஷின் தாங்குகிறது, அப்போது எவ்வளவு கத்துகிறது என்று சொல்லுங்கள். எனக்குத் தனியாக மெசேஜ் வேண்டாம். பொய்யை எந்த இடத்தில் எல்லோரையும் கேட்க வைத்துச் சொன்னீர்களோ, அதே இடத்தில் பதிலையும் சொல்லுங்கள். என் கேள்வியை மறுபடியும் அந்த வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கிறேன். இந்தத் தடவை அழிக்காதீர்கள்.