வெள்ளியங்கிரி போட்ட தடித்த ஒயர்

பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் வெள்ளியங்கிரியைத் தோட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்தது பாலகோபாலால். லேத் பட்டறையில் வேலை செய்த அந்தப் பையன் பலா மரத்தில் தானே ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்தான். கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்க அவற்றுக்கு அடியில் வைக்கும் காயிலை, பழைய ரிலேயில் உருவிய மயிரிழைக் கம்பியால் வெள்ளியங்கிரி சுற்றிக் கொடுத்தார். சுந்தரராஜுலுவின் மெல்லிசைக் குழுவில் அது நன்றாகவே ஒலித்தது.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த வெள்ளியங்கிரியின் மனைவி பழனியாத்தாளைக் கவனிக்கும் நர்ஸாக நான் தினமும் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். கோபிசெட்டிபாளையத்தில் நடந்தது மட்டும் கேட்டது, மற்றதெல்லாம் பார்த்தது.

தொண்ணூற்று நாலில் கோபியில் ஒரு கல்யாணக் கச்சேரி. முன்வரிசையில் பாலகோபாலின் மாமன் தம்பிதுரை குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் செவ்வந்தியை இவனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அன்று ஆம்ப்ளிஃபயரைப் பந்தலின் கடைசியில் வைக்கச் சொல்லிவிட்டார் சுந்தரராஜுலு. கிணறு தூரமென்றால் மோட்டாருக்குத் தடித்த ஒயர் போடுவது வெள்ளியங்கிரியின் பழக்கம். ஒயர் இழுத்துக் கொடுக்கக் கூடப் போயிருந்தவர், கிடாருக்கும் அதே கணக்கில், இருப்பதிலேயே தடித்த ஒயரைப் போட்டார்.

கிடார் கம்பளிக்குள்ளிருந்து முனகுவதுபோல் ஒலித்தது.

"ஏப்பா, கிடாருக்குச் சளி புடிச்சிருக்குதா?" என்று சுந்தரராஜுலு மைக்கிலேயே கேட்டார். பந்தல் சிரித்தது.

"ஒயரு நானே போட்டதுங்க, அதுல ஒண்ணுமில்லீங்க. பையன் கைலதான் கோளாறு" என்றார் பக்கத்தில் நின்ற வெள்ளியங்கிரி. மைக் அதையும் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

அடுத்த கச்சேரிக்குப் பாலகோபாலை யாரும் கூப்பிடவில்லை. மாமன் வீட்டிலும் பேச்சு நின்றது.

கம்பி மாற்றுவதற்காகக் கிடார் வெள்ளியங்கிரி வீட்டிலேயே கிடந்தது. மாற்றி முடித்து, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகிக் கட்டை விரலால் தட்டிப் பார்த்தார். முதலில் குட்டையான ஒயரில்; கணீரென்றது. பிறகு கோபியில் போட்ட அந்த நீளமான தடித்த ஒயரில், மறுபடி கம்பளி.

பழனியாத்தாள் படுத்தபடியே கேட்டாள்: "ஏனுங்க, ரெண்டு வாட்டியும் நீங்கதானுங்களே தட்டுனீங்க? அப்பறம் அந்தப் பையன் கை என்னங்க பண்ணுச்சு?"

அன்று அவர் சாப்பிடவில்லை. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து சாலிடரும் கையுமாக உட்கார்ந்தார். நீள ஒயர் கிடாரின் மெல்லிய மின்சாரத்தில் கீச்சென்ற பாகத்தை மட்டும் விழுங்கிவிடுகிறதாம். ஒயரைத் தடியாக்கி லாபமில்லை. கிடாருக்குப் பக்கத்திலேயே பஃபர் என்ற சின்ன சர்க்யூட்டை வைக்க வேண்டும். வார்டில் குரல் எழும்பாத நோயாளி சொல்வதை, கட்டிலோரம் நிற்கும் ஆயா வாங்கி, ஒரு சொல் கூட்டாமல் டாக்டருக்குக் கேட்கும்படி சொல்வாள். பஃபருக்கும் அந்த வேலைதான். முதலில் செய்தது கிடாரை இன்னும் அமுக்கியது. அதன் வாசலில் மின்தடை குறைந்த சின்ன ரெசிஸ்டர் போட்டதால், பஃபரே கிடாரிடமிருந்து கரண்டை இழுத்திருக்கிறது. மோட்டார் புத்தி. அதைப் பிடுங்கி, மெகா ஓம் கணக்கில் தடை பெரிதான ஒன்றைப் போட்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி, எல்லாம் எவர்சில்வர் சோப்பு டப்பாவுக்குள் அடங்கின.

கிடாரை எடுத்துப்போக பாலகோபால் வந்தபோது, டப்பாவை நீட்டி, "இத மாட்டி வாசிச்சுப் பாரு கண்ணு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. டப்பாவே சமாளித்துவிடும் என்று நினைத்திருப்பார்.

பையன் வாசித்தான். அதே தடித்த ஒயரில் கணீரென்று வந்தது. டப்பாவைக் கழற்றி வாசித்தான். மாட்டி இன்னொரு முறை.

"அப்ப அன்னிக்கு என் கை இல்லீங்களாண்ணா?"

வெள்ளியங்கிரி சாலிடர் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒயருதான், கண்ணு."

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"தெரிஞ்சு பத்து நாளாச்சு."

"டப்பா நல்லாருக்குதுங்க. ஆனா கை கோளாறுன்னு கேட்டது எங்க மாமன் ஊட்டுக்காரங்க. அவங்க காதுக்கு இது எட்டாதுங்களே" என்றான் பாலகோபால். அவன் சத்தம் போட்டிருந்தால் வெள்ளியங்கிரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர் என்னிடம், "நர்ஸம்மா, சாயங்காலம் வரைக்கும் இவளப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கோபி பஸ்ஸுக்குப் போனார். வாயால் சொன்னால் நம்பமாட்டார்களென்று டப்பாவையும் கிடாரையும் அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு, பையனையும் கூட்டிப்போனார்.

இருட்டும் நேரத்தில் திரும்பினார். பழனியாத்தாள் தூங்காமல் காத்திருந்தாள்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னேன். ரெண்டு விதமாவும் வாசிச்சுக் காட்டுனான். தம்பிதுரை மோர் குடுத்தாரு. அந்தச் செவ்வந்திப் புள்ளதான் கொண்டாந்துச்சு. தல நிமிராம குடிச்சுப்போட்டு வந்தேன்."

"பொண்ணு குடுக்கறாங்களாமா?"

"அதக் கேக்கற மூஞ்சி எனக்கேது?" என்றார். ஒயர்ச் சுருளை எப்போதும் தொங்கும் ஆணியில் மாட்டாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.