காணாமல் போனதாக எழுதிக் கொடுத்த பாஸ்

காணாமல் போய்விட்டதாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கேட் பாஸ், என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நீல நாடா கோத்த பிளாஸ்டிக் அட்டை. அதில் முப்பது வயது நான், போட்டோக்காரர் சொன்னதற்காக மோவாயைத் தூக்கிக்கொண்டு முறைக்கிறேன். நாடா ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துக் கிடக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், போகவில்லை. கம்பெனி கேட்டாலும் திருப்பிக் கொடுக்க வழியில்லை. காணவில்லை என்று எழுதிக் கொடுத்ததை எந்த முகத்தோடு எடுத்து நீட்டுவது? எத்தனையோ நாள் அதை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அந்த நாட்கள் எதுவும் மனசில் இல்லை. அக்காவின் கழுத்தில் அது தொங்கிய ஒரு திங்கட்கிழமை மட்டும் இருக்கிறது.

அக்கா எனக்கு உறவு இல்லை. கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் என்னோடு காண்ட்ராக்ட் வேலை பார்த்தவள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். பிறந்த வீடு ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டி. வாழ்க்கைப்பட்டது பெரியபாளையம், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பாவை நைனா என்பாள், பணத்தை டப்பு என்பாள், கோபம் வந்தால் முழுத் தெலுங்குக்குப் போய்விடுவாள். விடியுமுன்னே கம்பெனி பஸ் கோயில் பக்கம் வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். ஒன்றாக ஏறுவோம், ஒரே சீட்டில் உட்காருவோம். ஜன்னலோரம் எப்போதும் அவளுக்கு. அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நான் பத்தொன்பது வயதில் திருவள்ளூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்தேன். ஒரு வருடப் படிப்பு. ஐந்தாவது மாதம் அப்பா போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூடி செய்யப் போனேன். பதினோரு வருடம் கழித்து ஒருநாள், ஏதோ சான்றிதழ் வாங்கத் திருவள்ளூர் போனவள், பஸ் வர நேரமாகும் என்று அந்தக் கல்லூரி வாசலில் நின்றேன். அதே பச்சைக் கதவு. உள்ளே போய், பாதியில் விட்டவர்கள் திரும்பச் சேரலாமா என்று கேட்டேன். சேரலாம், ஆனால் முதலிலிருந்து படிக்க வேண்டும், வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம், அப்புறம் மூன்றாவது தடவை கிடையாது என்று மிஸ் சொன்னார். வகுப்பில் எல்லாரும் பத்தொன்பது, இருபது. பெஞ்சில் இடம் கேட்டதற்கு ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். சிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை எழுத மறந்திருந்தது. இரண்டு பக்கம் எழுதுவதற்குள் கட்டைவிரல் வலித்தது. ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வாழ்க்கையில் எனக்கென்று ஒரு காரியம் செய்துவிட்டதாகப் பட்டது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

கம்பெனி கிழக்கே, கல்லூரி மேற்கே. நடுவில் பெரியபாளையம். மதிய ஷிப்ட் வாரங்களில் காலை வகுப்பை முடித்துவிட்டு பஸ் பிடித்து ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம். காலை ஷிப்ட் வாரங்களில் முடியாது. மாதம் இரண்டு நாளுக்கு மேல் லீவு போட்டால் காண்ட்ராக்ட்காரர் பாஸைப் பிடுங்கிக்கொள்வார். எங்கள் கம்பெனியில் இதற்கெல்லாம் பெண்களே கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது. ஒருத்தியின் பாஸை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு போவது. தலையில் குல்லா, வாயில் மாஸ்க், மேலே நீலக் கோட்டு. கேட்டில் இருப்பவர் பாஸை எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். உள்ளே லைன் சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பெயருக்கு யார் திரும்புகிறாளோ அவள்தான் அன்றைக்கு அந்தப் பெயர். மெஷினுக்கு ஓர் ஆள் நின்றால் அவருக்குப் போதும். பிள்ளை பெற்றவளுக்கு, வீட்டில் சாவு விழுந்தவளுக்கு, ஆடி மாதம் அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்ட வேண்டியவளுக்கு என்று இப்படித்தான் ஓடியது.

நான் படிக்கப் போகிறேன் என்றதும் அக்கா ஒரு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, "காலீல ஷிப்ட் வந்தா எங்கிட்ட பாஸைக் குடு. நான் போய்க்கினு வரேன். ஞாயித்துக்கெழமைங்கள்ல எனக்காக நீ போ. சொம்மா இல்ல, கணக்கு சரியாப் பூடும்" என்றாள். கணக்கு சரியாகப் போகவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். என் காலை ஷிப்ட் வாரங்களில் தன் ஷிப்டை மதியத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். என் பாஸில் காலை ஷிப்டை முடித்துவிட்டு, வெளியே ஒரு டீ குடித்து, தன் பாஸில் மதிய ஷிப்டுக்குத் திரும்ப உள்ளே போவாள். நான் அவளுக்காகப் போனது மாதம் ஒன்றோ இரண்டோ ஞாயிறு.

என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பஸ்ஸில் வலது கையை என் மடியில் போட்டு, "இந்தா, நரம்பு தேடு. கண்டுபுடிச்சா நாஷ்டா நான் வாங்கித் தரேன்" என்பாள். வேலை செய்து முறுக்கேறிய கை. முழங்கை மடிப்பில் நரம்பு தானாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தி, அது எங்கே ஆரம்பித்து எங்கே பிரிகிறது என்று சொல்லப் பழகினேன். கல்லூரியில் பொம்மைக் கைதான் இருந்தது. நான் கற்றுக்கொண்டது அக்காவின் கையில்.

செய்முறைப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. மறுநாள் வாய்மொழிப் பரீட்சை. இரண்டும் காலையில், எனக்கோ அது காலை ஷிப்ட் வாரம். பஸ் நிற்கும் இடத்தில் பூக்கடை பல்பு வெளிச்சத்தில் நின்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து கையை நீட்டினாள். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றிக் கொடுத்தேன். "இன்னா டாக்டரம்மா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது? போய் நல்லா எய்து" என்றாள். நான் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினேன்.

சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. என் மெஷின், உருகிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் அழுத்தி மூடி செய்வது. முன்பக்கக் கதவைத் திறந்தால் அச்சு மூடக் கூடாது. அதற்கென்று கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. சனிக்கிழமை அது கெட்டுப்போய் மெஷின் அடிக்கடி நின்றது. மாற்றுச் சாமான் வரும்வரை ஓடட்டும் என்று சுவிட்சை அமுக்கிக் கம்பியால் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு கதவு திறந்திருந்தாலும் அச்சு மூடியது. சனிக்கிழமை முழுக்க நான் கையை விடாமல் குச்சியால் மூடியைத் தட்டி எடுத்தேன். ஞாயிறு வீட்டில் படிப்பு. அக்காவுக்கு அந்த மெஷின் பழக்கம்தான், கதவைத் திறந்தால் ஆபத்தில்லை என்று பழகியவள். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை நினைத்தேன். திங்கட்கிழமை மறந்துபோனேன். பஸ் கிளம்பிப் போன பிறகும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பரீட்சையை நன்றாகவே செய்தேன். அன்றைக்குப் பொம்மை இல்லை, நிஜக் கை. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. வெளித்தேர்வாளர் பாராட்டினார். போனை அணைத்துப் பைக்குள் போட்டவள் அதை மறந்தே போனேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான், "ஒனுக்குக் கை பூட்ச்சின்னு கம்பெனிலருந்து போன் வந்துச்சே. ஒங்கம்மா கத்திக்கினே ஆட்டோ ஏறிப் போயிருக்கா" என்றார். கம்பியால் கட்டிய சுவிட்ச் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயர், என் வயது. படுத்திருந்தது அக்கா. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா, மகளைத் தேடி ஓடிவந்து வேறொருத்தியைப் பார்த்த அந்த நிமிஷத்தை என்னிடம் சொன்னாள். அப்பாடா என்று இருந்ததாம். அப்படி இருந்ததற்காக அழுதுகொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது அக்கா அவள் காதில் சொன்னது இதுதான்: "யம்மா, வாயத் தொறக்காத. நாளிக்கு அவுளுக்கு இன்னொரு பரீட்சை கீது. அது முடியற வரிக்கும் நான்தான் ஒம்பொண்ணு." அக்காவின் பையை என் பெயருக்கு உரியது என்று நர்ஸ் அம்மாவிடம் கொடுத்திருந்தார். அதில் பாஸ் இருந்தது, நாடா இன்னும் ஈரமாக.

மறுநாள் நான் பரீட்சைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

புதன்கிழமை காண்ட்ராக்ட்காரரின் ஆள் பைக்கில் வந்தார். அதற்குள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது நான் இல்லை என்று கம்பெனிக்குத் தெரிந்துவிட்டிருந்தது. என் பாஸ் காணாமல் போய்விட்டது, அதை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்று டைப் செய்த ஒரு தாள். "கையெய்த்துப் போட்டுட்டா ஒனக்கு ஒரு பேஜாரும் இல்லம்மா. நீ குடுத்தன்னு சொன்னா ரெண்டு பேரு மேலயும் கேஸு. காலேஜுக்கும் லெட்டர் போவும். இவ்ளோ கஸ்டப்பட்டுப் படிச்சதுக்கு அர்த்தம் இல்லாமப் பூடும்." மிரட்டவில்லை. தங்கைக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். மூன்றாவது தடவை கிடையாது என்ற மிஸ்ஸின் குரல் என் காதில் கேட்டது. பைக் சீட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சூடாக இருந்தது சீட்டு. திருட்டுப் பாஸில் உள்ளே வந்தவளுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆகிவிட்டது. அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும்.

அன்று சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன். "நல்லா எய்துனியா?" என்று கேட்டாள். "எழுதினேன்கா" என்றேன். தாளைப் பற்றிச் சொல்லவில்லை. பின்னால் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறாள். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு தன் பிறந்த வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

சான்றிதழ் வந்தது. இப்போது திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கைகள். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஊசியைத் தொடுவதற்கு முன் பெயரைக் கேள், நீயாகச் சொல்லாதே, அவர்கள் வாயால் சொல்லட்டும் என்பது. பெயர் மாறினால் ஒருவருடைய வியாதி இன்னொருவருக்குப் போய்விடும். இதை நான் யாருக்கும் தவறியதில்லை.

போன மாசி மாதம் ஒருநாள் காலை, டோக்கனோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள் அக்கா. தலை பாதி நரைத்திருந்தது. திருவள்ளூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவள், சர்க்கரை பார்க்க வந்திருந்தாள். வலது பக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டு இடது கையை நீட்டினாள். எனக்கு அவள் பெயர் தெரியும். ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். "பேரு சொல்லுங்க" என்றேன்.

"உன் பேரயே எய்திக்க. எனுக்குப் பயக்கந்தான்" என்றாள்.

சிரிக்கவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. டோக்கனில் இருந்த அவள் பெயரைக் குழாயில் எழுதினேன். இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. எனக்குப் பழக்கமான கை அது இல்லை. இரண்டு இடத்தில் குத்தினேன். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை.

ரிப்போர்ட் மறுநாள். அன்று ராத்திரி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். பாஸை நான்தான் கழற்றிக் கொடுத்தேன், சூப்பர்வைசருக்குத் தெரியும், சுவிட்ச் கம்பியால் கட்டியிருந்ததை நான் பார்த்தேன், அவளிடம் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டது பொய். அடியில் பெயரும் விலாசமும். பாஸையும் தாளையும் பையில் எடுத்துப் போனேன். அக்கா வந்ததும் இரண்டையும் ரிப்போர்ட்டோடு நீட்டினேன். "கண்ணாடி எத்துக்கினு வரல, நீயே படி" என்றாள். நாலைந்து பேர் காத்திருந்தார்கள். படித்தேன். நிறுத்தாமல் படித்து முடித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இத்த அன்னிக்கே படிச்சிருந்தா இன்னா?"

தாளை ஒற்றைக் கையால் தொடையில் வைத்து மடித்து ரிப்போர்ட் கவருக்குள் செருகிக்கொண்டாள். பாஸை மட்டும் மேஜைமேல் என் பக்கம் தள்ளினாள். "இது எனுக்கு எதுக்கு? போட்டோவுல நீதான கீற" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

பாஸ் மறுபடியும் பீரோவுக்குள் போய்விட்டது. தாளை அக்கா யாரிடமாவது கொடுத்தாளா, அடுப்பில் போட்டாளா, தெரியாது. யாராவது வந்து, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வேன். கேட்டவர்கள் நம்பாவிட்டால் எடுத்துக் காட்டுவதற்கு அந்த நாடாவை வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் வரவில்லை.