வெளியே நின்றவர்

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அம்மா அவர். நாற்பதைத் தாண்டியவர், நெற்றியில் பெரிய குங்குமப்பொட்டு. பாலியல் நலக் கணக்கெடுப்புக்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். விரலில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்து உருட்டியபடி, எதைக் கேட்டாலும் "இல்ல மேடம்" என்றார். ஒவ்வொரு தடவையும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

பேட்டியை வேறு யாரும் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. "வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?" என்றேன்.

"அவரு இருக்காரு. வெளிய போகச் சொல்லவா?"

அவர் கணவரைச் சுனாமியில் கடல் கொண்டுபோனதாகத் தோட்டத்து நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் தலையாட்டினேன்.

"கொஞ்சம் பாஹர் நில்லுங்க" என்று எனக்குப் பின்னால் பார்த்துச் சொன்னவர், வாசல்வரை கண்ணாலேயே வழியனுப்பினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"கப்பல்ல வேலை செய்யிற ஒருத்தர் வந்து போறாரு மேடம். நோய் எதுவும் ஒட்டிருச்சோன்னு பயமா இருக்கு. டெஸ்ட் எங்க எடுக்கலாம்?"

விவரம் சொன்னேன். என் குரலும் தானாகத் தாழ்ந்துவிட்டிருந்தது.

கிளம்பும்போது வாசலில் யாரும் இல்லை. இருந்தும் ஒரு ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் இறங்கினேன்.

பின்னால் அவர் குரல் கேட்டது: "உள்ள வாங்க. அவங்க போயிட்டாங்க."