சிரித்த முகம்

எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. காலைக் கூட்டத்தில் புது மேனேஜர் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, "தலைமைக்கு நல்ல எண்ணம்தான் முக்கியம்" என்று சிரித்தார். அதே சிரிப்பை எட்டு வயதில் எங்கள் திருவொற்றியூர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் தொழிற்சாலையில் நீராவிக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் தோளைத் தட்டி, "ஒண்ணும் ஆவாது நைனா, தெகிரியமா போ" என்பாராம். ஒருநாள் அது வெடித்து அப்பாவின் முதுகு வெந்துபோனது. தீப்புண் களிம்பு வாடையில், முதுகில் வாழையிலை போர்த்திக் குப்புறக் கிடந்தார்.

சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு சிரித்தபடி வந்தார். "நல்லதையே நெனச்சிகினு இரு. சீக்கிரம் எய்ந்துடுவ."

அம்மா பையை வாங்கவில்லை. "அந்த பைப்ப மாத்திட்டியா நீ?"

அவர் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அவர இன்னாத்துக்கு கேக்குற? நல்ல மனுசன்மே" என்று அப்பா முனகினார். வெந்த மனிதரை அப்படிப் பேசவைத்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும், "மேடம், நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"கிரேன் வடம் பிரிஞ்சிகினு கீது சார். அத்த மாத்துற வரைக்கும் என் ஆளுங்க யாரும் ஏற மாட்டாங்க" என்றேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றினார்கள்.